டிமென்ஷியா: ‘முதுமை மறதி’ என்னும் பிழை

‘நன்றாகத் தூங்கினால் முதுமை மறதி வராது’ என்றொரு தலைப்பு அடிக்கடி கண்ணில் படுகிறது. அடுத்த முறை தூக்கம் போய் நடைப்பயிற்சி வந்திருக்கும். ‘முதுமை மறதி’ மட்டும் இடத்தை விட்டு அசையாது. நினைவு, சிந்தனை, நடத்தை என மூளையின் திறன்கள் படிப்படியாகக் குறையும் டிமென்ஷியாவுக்கு இதைவிடப் பொருந்தாத பெயரைத் தேடிப் பிடிப்பது கடினம்.

சொல் லத்தீன். ‘தெ’ என்றால் விலகல், ‘மென்ஸ்’ என்றால் மனம், மதி. மதி விலகிய நிலை, அவ்வளவுதான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சு மருத்துவர் பிலிப் பினெல் மனநோய்களை வகை பிரித்தபோது, அவற்றில் ஒன்றுக்கு இந்தப் பெயரைப் பயன்படுத்தினார். மூலச்சொல்லில் வயதும் கிடையாது, நினைவும் கிடையாது. இரண்டையும் ஒட்டவைத்தது நாம்.

முதலில் ‘முதுமை’யைப் பார்ப்போம். டிமென்ஷியா வகைகளில் ஒன்றான அல்சைமர் நோய்க்குத் தன் பெயரைத் தந்த மருத்துவர் அலோயிஸ் அல்சைமர், 1901இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பரிசோதித்த அகுஸ்டே டெட்டருக்கு வயது 51. நோயின் முதல் வர்ணனையே முதுமை எட்டாத ஒரு பெண்ணைப் பற்றியது! வயது ஏற ஏற நோய் பெருகுவது உண்மைதான். அதற்காக வயதையே பெயரில் வைத்தால், ‘வயசானா இப்படித்தான்’ என்று வீட்டார் இருந்துவிடுகிறார்கள். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் இதே போன்ற தடுமாற்றத்தைத் தரும். முதல் இரண்டும் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மூன்றுக்கும் சிகிச்சை உண்டு. ‘முதுமை’ என்ற முன்னொட்டு அந்தப் பரிசோதனைக்கே போகவிடாமல் செய்கிறது.

‘மறதி’ அதைவிட மோசம். டிமென்ஷியாவில் அல்சைமரின் பங்கு 60 முதல் 70 சதவீதம். அதில் அண்மை நினைவு முதலில் போகும் என்பதால், பகுதியை முழுமைக்குப் பெயராக்கிவிட்டார்கள். நெற்றி, பொட்டுப் பகுதி மூளை தேயும் வகையில் தொடக்கத்தில் நினைவு பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். கெடுவது நடத்தையோ பேச்சோ. அதுவரை அதிர்ந்து பேசாதவர் சபையில் கூச்சமின்றி ஏசுவார். நேற்று யார் வந்தார்கள் என்று கேட்டால் சரியாகவே சொல்வார். அவரை ‘மறதி நோயாளி’ என்றால் எந்தக் குடும்பம் நம்பும்? மூளைச் செல்களில் ‘லூயி உடல்’ என்ற புரதத் திரட்டுகள் சேரும் வகையில், எதிரே இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். கனவில் செய்வதைத் தூக்கத்திலேயே கை கால் வீசிச் செய்யும் பழக்கம் நோய்க்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுவதும் உண்டு. இரத்தக்குழாய்ப் பாதிப்பால் வருவதில் பெரும்பாலும் திட்டமிடுதலும் சிந்தனை வேகமும் முந்திக்கொண்டு தளரும்.

கடிகாரம் வரையச் சொல்லும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டம் போட்டு, எண்களை எழுதி, முட்களை 11 மணி 10 நிமிடத்தில் வைக்க வேண்டும். சிலர் 12 எண்களையும் ஒழுங்காக எழுதிவிட்டு, பெரிய முள்ளை 2இல் வைக்காமல் 10இல் வைத்துவிடுவார்கள். 10 என்ற எண் காதில் விழுந்தது, நினைவிலும் நின்றது. அதை 2 ஆக மாற்றிப் பார்க்கும் திறன்தான் நழுவிவிட்டது. இதில் மறதி எங்கே இருக்கிறது? மறதி என்ற சொல்லை, நினைவிழப்பே நோயாக இருக்கும் அம்னீசியாவுக்கு விட்டுவிடலாம், அங்கே அது கச்சிதமாக உட்காரும்.

மற்ற சொற்களும் தேறவில்லை. ‘மனச்சிதைவு’ ஸ்கிசோஃப்ரினியாவுக்குப் போய்ச் சேர்ந்த சொல். ‘சித்தப்பிரமை’ வசவு. ஜப்பானியர்கள் அப்படியொரு வசவுச் சொல்லை 2004இல் அதிகாரபூர்வமாகவே கைவிட்டார்கள். ‘அறிவாற்றல் இழப்பு’ பரவாயில்லை, ஆனால் ‘இழப்பு’ எல்லாம் முடிந்துபோனதாக ஒலிக்கிறது. நோயோ ஆண்டுக்கணக்கில் படிப்படியாகப் போவது.

‘மதித்தேய்வு’ என்பதே என் தேர்வு. ‘மென்ஸ்’ என்ற லத்தீனும் ‘மதி’ என்ற வடசொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. வடசொல் வேண்டாம் என்பவர்கள் 636ஆம் குறளின் ‘மதிநுட்பம்’ பற்றி என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை. ‘தேய்வு’ மெல்லக் குறைவதைச் சொல்கிறது. மதி நிலவும்தானே, தேய்ந்தது வளருமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் 51 வயதுக்காரருக்கும், நேற்றைய விருந்தாளியை நினைவில் வைத்திருப்பவருக்கும் இந்தப் பெயர் பொருந்தும். இதை ஏற்க மனமில்லையென்றால் ‘டிமென்ஷியா’ என்றே எழுதிவிட்டுப் போகலாம், தவறான தமிழைவிட அது மேல்.

பெயரைத் திருத்தினாலும் தொடக்கத்தில் சொன்ன ‘நன்றாகத் தூங்கினால்’ தலைப்பு தேறாது. மொழிபெயர்ப்பாளர்கள் ‘குறைதூக்க’த்தைத் ‘தூக்கமின்மை’ ஆக்கிவிடுகிறார்கள். படுத்தும் தூக்கம் பிடிக்காதது தூக்கமின்மை. காரணம் எதுவானாலும் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்குவது குறைதூக்கம். பிரிட்டிஷ் அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் 2 ஆய்வு, சுமார் 8,000 பேரின் 25 ஆண்டுத் தரவுகளைக் கொண்டு 2021இல் பேசியது குறைதூக்கத்தைப் பற்றி. 50, 60, 70 வயதுகளில் தொடர்ந்து குறைவாகத் தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிட 30 சதவீதம் கூடுதல் இடர் என்றது. ‘தூங்கினால் வராது’ என்று எங்கும் சொல்லவில்லை.

‘உடலியக்கம்’ எப்போதும் ‘உடற்பயிற்சி’ ஆகிவிடுவது இன்னொரு பிழை. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம் என்று சொல்வதில் மாடிப்படி, தோட்ட வேலை, வேகநடை எல்லாம் அடக்கம். பேச முடியும், பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான இயக்கம். ‘லான்செட்’ மருத்துவ இதழின் டிமென்ஷியா ஆணையம் 2024இல் பட்டியலிட்ட 14 இடர்க்காரணிகளில் உடலியக்கக் குறைவு உண்டு, தூக்கம் இல்லை. அதே வைட்ஹால் 2 ஆய்வின் 2017 முடிவோ, நோய் கண்டறியப்படுவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பிருந்தே இயக்கம் குறையத் தொடங்குவதைக் காட்டியது. அப்படியானால் நடக்காததால் மதி தேய்ந்ததா, மதி தேயத் தொடங்கியதால் நடை குறைந்ததா? இந்தச் சந்தேகம் தூக்கத்துக்கும் உண்டு. அதனால்தான் ஆய்வாளர்கள் ஒவ்வொரு வரியிலும் ‘கூடும்’ போட்டு எழுதுகிறார்கள். தமிழில் அதற்கு ‘-லாம்’, ‘-க்கூடும்’ என இரண்டு விகுதிகள் தயாராக இருந்தும், மொழிபெயர்ப்பில் முதலில் உதிர்வது அவைதான்.

‘தொடர் குறைதூக்கம் மதித்தேய்வு இடரைக் கூட்டலாம்.’ ஐந்தே சொற்கள், எந்தத் தலைப்புக்கும் இடம் போதும்.