‘பம்பிங் நார்மல்’ என்ற வரிக்குப் பின்னால் தப்பிவிடும் பெண்களின் இதய வீக்கம்

எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் தேடுவது ஒரே எண்ணைத்தான்: ஈ.எஃப்., அதாவது இடது கீழறையில் நிரம்பிய இரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பது. 65 சதவீதம் என்றால் ‘பம்பிங் நல்லா இருக்கு’ என்று ரிப்போர்ட்டை மூடி வைத்துவிடுகிறோம். ஆண்களின் விஷயத்தில் இந்த அவசரம் ஓரளவு தப்பித்துக்கொள்ளும். பெண்களிடம் அடிக்கடி ஏமாற்றும்.

நீண்டநாள் பிரஷரோ, பெருந்தமனி வால்வுச் சுருக்கமோ இருந்தால் இடது கீழறையின் சுவர் கூடுதல் சுமையைத் தாங்கித் தாங்கித் தடிக்கும். இந்தத் தடிப்பைத்தான் இங்கே வீக்கம் என்கிறோம். ஆண்களுக்குப் பெரும்பாலும் தடிப்போடு அறையும் விரியும். பம்பிங் குறைந்து எக்கோவில் சீக்கிரம் தெரிந்துவிடும். பெண்களுக்கு அறை சிறிதாகவே இருக்க, சுவர் உள்நோக்கித் தடிக்கும் வகைதான் அதிகம். சுருங்குவதில் குறையிருக்காது. விரிந்து இரத்தத்தை வாங்குவதில்தான் சிக்கல். அறையில் 60 மில்லி மட்டுமே நிரம்பினால், அதில் 65 சதவீதம் என்பது வெறும் 39 மில்லி. சதவீதம் நார்மல், உடம்புக்குப் போகும் இரத்தம் குறைவு. மாடி ஏறினால் மூச்சு வாங்குவது இதனால்தான்.

ஒரு மாதிரிக் கணக்கு. உயரம் 150 செ.மீ., எடை 55 கிலோ உள்ள பெண். உடல் பரப்பு சுமார் 1.51 சதுர மீட்டர். எக்கோவில் இடைச்சுவர் 11 மி.மீ., பின்சுவர் 11 மி.மீ., அறையின் அகலம் 42 மி.மீ. மூன்றையும் கூட்டினால் 6.4 செ.மீ. அதன் கனத்திலிருந்து (6.4 × 6.4 × 6.4) 4.2-இன் கனத்தைக் கழித்து, 0.832-ஆல் பெருக்கி, 0.6 சேர்த்தால் தசையின் எடை சுமார் 157 கிராம். உடல் பரப்பால் வகுக்க, சதுர மீட்டருக்கு 104 கிராம். ஆண்களுக்கான வரம்பு 115, பெண்களுக்கு 95. ஆண் அளவுகோலில் இது ‘எடை நார்மல்’, பெண் அளவுகோலில் தெளிவான வீக்கம். பின்சுவரை இரட்டித்து அறையின் அகலத்தால் வகுத்தால் 0.52 வருகிறது, 0.42-ஐத் தாண்டினாலே உள்நோக்கிய தடிப்பு என்று பொருள். உயரமும் எடையும் குறிக்காமல் எடுத்த எக்கோவில், உடல் பரப்பால் வகுக்கும் கணக்கைப் போடவே முடியாது. எக்கோ எடுக்கும் இடத்தில் இரண்டையும் சொல்லிப் பதியச் செய்யுங்கள்.

ஈசிஜியிலும் இதே கதைதான். குறிப்பிட்ட இரண்டு ஈசிஜி அலைகளின் அளவைக் கூட்டிப் பார்க்கும் கார்னெல் முறையில் ஆண்களுக்கு 28 மி.மீ.க்கு மேல் என்றால் வீக்கம். பெண்களுக்கு 20-ஐத் தாண்டினாலே வீக்கம். இதயத் தசை சேதமானால் இரத்தத்தில் கசியும் புரதம் ட்ரோபோனின் ஐ. அதை அளக்கப் பரவலாகப் பயன்படும் ஒரு நுண் சோதனையில் பெண்களின் உச்சவரம்பு லிட்டருக்கு 16 நானோகிராம், ஆண்களுக்கு 34. பொது வரம்பு ஒன்றையே எல்லோருக்கும் வைத்தால், பெண்களின் சிறு மாரடைப்புகள் ‘கேஸ் ட்ரபிள்’ ஆகிவிடும்.

தடித்த சுவருக்கு இரத்தம் குறையும்போது முதலில் அடிவாங்குவது அதன் உள்ளடுக்கு. இதயம் தளரும் நேரத்தில்தான் அங்கே இரத்தம் பாயும். துடிப்பு வேகமெடுத்தால் அந்த நேரம் சுருங்கும். அறையின் உள்ளழுத்தமும் எதிர்த்து நிற்கும். பெரிய குழாயில் அடைப்பே இல்லாமல், ஆஞ்சியோ சுத்தமாக வந்த பின்னும் நெஞ்சு இறுக்கம் வருவதற்கு இது ஒரு காரணம். நுண்குழாய்க் கோளாறு மற்றொன்று. ‘ஆஞ்சியோ நார்மல், மனசுதான் காரணம்’ என்று அனுப்பிவிடுவது மருத்துவமல்ல.

இனி, அடைப்பிலிருந்து மீள்வது. ஆய்வக விலங்குகளில், இரத்தத்தை நிறுத்தி மீண்டும் விட்டால் இளம் பெண் விலங்குகளின் இதயத்தில் சேதம் பொதுவாகக் குறைவு; சினைப்பையை அகற்றினால் அந்தச் சலுகை பெரும்பாலும் மறைகிறது. ஈஸ்ட்ரோஜனுக்கு இதில் பங்கு உண்டு. அதை வைத்து, மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாத்திரை போட்டால் இதயம் காக்கப்படும் என்று நினைத்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள், 1998-இல் வெளிவந்த ஹெர்ஸும் 2002-இன் டபிள்யூ.ஹெச்.ஐ.யும், அந்த நம்பிக்கையை உடைத்தன. இதயத்துக்காக மட்டும் ஹார்மோன் மாத்திரை வேண்டாம். சர்க்கரை நோய் வந்துவிட்டால் இளம்பெண்ணுக்கும் அந்த இயற்கைப் பாதுகாப்பு பெருமளவு போய்விடுகிறது.

மருத்துவமனைக்குள் நிலைமை தலைகீழ். மாரடைப்புக்குப் பின் இறப்பு பெண்களில்தான் கூடுதல்: வயது அதிகம், சர்க்கரை, எல்லாவற்றுக்கும் மேல் தாமதம். வியர்வை, குமட்டல், தாடை அல்லது முதுகு வலி, காரணமில்லாத அசதி ஆகியவை நெஞ்சு வலியோடும் வரலாம், தனியாகவும் வரலாம். ‘வேலையை முடித்துவிட்டுப் போகலாம்’ என்று காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். மருத்துவமனைக்கு வந்து 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மூன்றும் முதல் வேளையாகக் கிடைக்கின்றன. இரத்தக்கட்டியைக் கரைக்கும் டெனெக்டெப்ளேஸ் எடையைப் பொறுத்தது: 60 கிலோவுக்குக் கீழே 30 மி.கி. போதும். எடையைக் கண்ணால் மதிப்பிட்டு ஊசி போட்டால், ஏற்கெனவே இரத்தக்கசிவு அபாயம் கூடுதலான பெண்களுக்கு அது ஆபத்து.

ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகளால் வறட்டு இருமல் பெண்களுக்கு அதிகம் வரும். தாமாகவே மாத்திரையை நிறுத்துவார்கள். தடிப்பு மறுபடி ஏறும். நிறுத்தாமல் வந்து சொன்னால் லோசார்டன், டெல்மிசார்டன் என்று மாற்றலாம். கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களுக்கு இரண்டு வகையுமே கூடாது.

அடைப்பு நீக்கிய உடனே எடுத்த எக்கோவை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள். மரத்துப்போன தசை திரும்ப உயிர்பெற வாரங்கள் ஆகும். 6 முதல் 12 வாரத்துக்குள் மீண்டும் எடுக்கும்போது பழைய ரிப்போர்ட்டையும் கொண்டுபோய், ஈ.எஃப். எண்ணோடு சுவர்த் தடிப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.