விபத்து இழப்பீட்டில் மெடிகேருக்குத் திருப்பித் தர வேண்டிய பங்கு

அமெரிக்காவில் மெடிகேர் (முக்கியமாக முதியவர்களுக்கான மத்திய அரசு மருத்துவக் காப்பீடு) உள்ள ஒருவர் கார் மோதியோ கடையில் வழுக்கி விழுந்தோ அடிபட்டால், சிகிச்சைச் செலவைப் பெரும்பாலும் மெடிகேர் முதலில் கட்டிவிடுகிறது. ஆனால் அந்தச் செலவு விபத்துக்குப் பொறுப்பானவரின் இன்சூரன்ஸ் ஏற்க வேண்டியது. 1980-ல் வந்த சட்டம் அது. எனவே செட்டில்மென்ட் வந்ததும் மெடிகேர் தன் பணத்தைத் திரும்பக் கேட்கும். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று யார் யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள். இழப்பீடு கொடுத்த விவரத்தை இன்சூரன்ஸ் நிறுவனமே மெடிகேருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

வழக்குத் தொடங்கியதுமே மெடிகேரின் வசூல் மையமான பி.சி.ஆர்.சி.க்குத் தகவல் கொடுங்கள். உரிமைகளையும் கடமைகளையும் விளக்கும் கடிதம் முதலில் வரும். அதிலிருந்து 65 நாட்களுக்குள், இதுவரை கட்டிய செலவுகளின் பட்டியல் வரும்.

அந்தப் பட்டியலை அப்படியே ஒப்புக்கொள்வதுதான் பலரும் பணத்தை இழக்கும் இடம். தேதியையும் நோய்க் குறியீட்டையும் வைத்துத் தொகுப்பதால் சர்க்கரை நோய்ப் பரிசோதனை, கண் சிகிச்சை, பழைய மூட்டுவலி எல்லாம் அதில் கலந்திருக்கும். ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். விபத்தோடு சம்பந்தமில்லாதவற்றைக் குறித்து, மருத்துவக் குறிப்புகளுடன் ஆட்சேபம் அனுப்புங்கள். விபத்துக்கு முன்பே அந்த நோய் இருந்தது என்று காட்டும் பழைய ரெக்கார்டுதான் இதில் வலுவான ஆதாரம்.

செட்டில்மென்ட் முடிந்ததும் அதன் தேதி, மொத்தத் தொகை, வக்கீல் கட்டணம், வழக்குச் செலவு நான்கையும் அனுப்ப வேண்டும். கடைசி இரண்டையும் விட்டுவிட்டால், அவற்றுக்காக மெடிகேர் தன் தொகையில் தரும் கழிவு கிடைக்காது. செட்டில்மென்ட் 60,000 டாலர், வக்கீல் கட்டணமும் செலவும் சேர்ந்து 21,000 என்று வையுங்கள். அது 35 சதவீதம். பட்டியலில் 15,000 இருந்து, சம்பந்தமில்லாத 3,000-ஐ நீக்க வைத்தால் மிச்சம் 12,000. அதிலும் 35 சதவீதம், அதாவது 4,200 கழியும். கட்ட வேண்டியது 7,800 மட்டுமே.

இறுதிக் கேட்புக் கடிதம் வந்தபின் 60 நாட்களுக்குள் கட்டாவிட்டால், கடிதத் தேதியிலிருந்தே வட்டி கணக்காகும். மேல்முறையீட்டுக்கு 120 நாட்கள் உண்டு. ஆனால் அதற்காக வட்டி நிற்காது. முதலில் கட்டிவிட்டு முறையிடுவதே நல்லது, ஜெயித்தால் பணம் திரும்பி வரும். உண்மையிலேயே கட்ட வழியில்லாதவர்கள் வருமானச் செலவுக் கணக்கோடு தள்ளுபடி கேட்கலாம். இறுதிக் கேட்புக் கடிதம் வந்து கணக்கு முடியும்வரை வக்கீலின் டிரஸ்ட் கணக்கிலேயே (கட்சிக்காரர் பணத்தைத் தனியாக வைக்கும் வங்கிக் கணக்கு) போதுமான தொகையை நிறுத்தி வையுங்கள். பிரித்துக் கொடுத்துவிட்டால் மெடிகேர் வக்கீலையும் பிடிக்கும்.

தனியார் நிறுவனம் வழியாக மெடிகேர் பெறும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டம் வைத்திருந்தால் அந்தத் தனியார் நிறுவனத்திடம் தனியாகக் கணக்குக் கேட்க வேண்டும். பி.சி.ஆர்.சி. பட்டியலில் அது வராது.

வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவியான மெடிகெய்டுக்கு விதி வேறு. அங்கே கேட்பது மாநில அரசு. இழப்பீட்டில் மருத்துவச் செலவுக்கான பங்கை மட்டுமே மாநிலம் தொடலாம் என்று ஆல்போர்ன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-ல் தீர்ப்பளித்தது. மாநிலம் கேட்ட 2,15,645 டாலருக்குப் பதில் 35,581 டாலரே போனது. ஆனால் 2022-ல் அதே நீதிமன்றம் கயார்டோ வழக்கில் தந்த தீர்ப்பின்படி வருங்கால மருத்துவச் செலவுக்கான பங்கிலிருந்தும் மாநிலம் எடுக்கலாம். ஆகவே வலி, சம்பள இழப்பு, மருத்துவம் என்று தொகையைப் பிரிக்கும்போது, மாநிலத்தின் சம்மதத்தையோ நீதிமன்ற உத்தரவையோ முன்பே வாங்கிவிடுங்கள். இரு தரப்பும் தங்களுக்குள் எழுதிக்கொண்ட பிரிவினையை மாநிலம் ஏற்க மறுக்கலாம்.