கடல்குதிரையின் வாலும் பவளத்தின் ஈட்டியும்

டொரொண்டோவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மகனுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு வருடமாக உப்புநீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்கிறான். இப்போது அதிலேயே ஒரு ஜோடி கடல்குதிரை விடவேண்டும் என்கிறான். ஒரு கடைக்காரர் தாராளமாக விடலாம் என்கிறார், இன்னொருவர் கூடவே கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு பவளத்தை மனதில் வைத்துப் பேசியிருக்கிறார்கள்.

பல வருடங்களுக்கு முன்பு தொண்டிக் கரையில் ஒரு விடியற்காலை. வலையை உதறியபோது உயிரோடு ஒரு கடல்குதிரை விழுந்தது. திரும்பக் கடலில் விடுவதற்கு முன் அதை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, "விரலை விட்டுப் பாருங்க தம்பி" என்றார் வலைக்காரப் பெரியவர். விட்டேன். வால் என் சுண்டுவிரலைச் சுற்றிக்கொண்டது. பிறந்த குழந்தை நம் விரலைப் பிடிக்குமே, அதே பிடி.

கடல்குதிரை நீந்தத் திணறும் மீன். வால் துடுப்பு கிடையாது. முதுகில் இருக்கும் சின்னத் துடுப்பைப் படபடவென்று அடித்து மெல்ல நகரும். நீரோட்டம் வந்தால் எதையாவது பிடித்துக்கொண்டே ஆகவேண்டும். கடற்புல்லோ கயிறோ பவளமோ, பக்கத்தில் இருப்பதைப் பிடிக்கும். பிடித்த இடத்தில் மணிக்கணக்கில் இருக்கும். சிக்கல் அங்கேதான்.

பவளம் கல் அல்ல, பாலிப் என்ற குட்டி விலங்குகளின் கூட்டம் என்பது பள்ளியில் படித்ததுதான். திசுவுக்குள் குடியிருக்கும் பாசி பகலில் உணவு தயாரித்துக் கொடுக்கும், பாலிப் தன் பங்குக்குக் கைகளை நீட்டி மிதவை உயிர்களைப் பிடிக்கும். இதுவும் தெரிந்ததே. அந்தக் கைகள் எப்படிப் பிடிக்கின்றன என்பதை மட்டும் நிதானமாகச் சொல்ல ஆசை. உயிரியலில் எனக்கு இதைவிடப் பிடித்த இயந்திரம் இல்லை.

கைகள் முழுக்கக் கொட்டும் செல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் நெமட்டோசிஸ்ட் என்ற ஒரு நுண்குப்பி. அதன் சுவர் கொலாஜன் வகைப் புரதத்தால் நெய்தது, நம் தசைநாண்களில் இருக்கும் புரதத்தின் சொந்தக்காரன். குப்பிக்குள் ஒரு நீளக் குழல் சுருண்டு கிடக்கிறது. அவசரமாகச் சட்டையைக் கழற்றினால் கை உள்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும் அல்லவா? அப்படி உள்வெளியாகத் திருப்பி மடக்கி வைத்த குழல் அது. கூடவே முள்ளும் நஞ்சும்.

மாங்காயில் உப்புப் போட்டால் தண்ணீர் விடுகிறதே, சவ்வூடு பரவல், அதே விதிதான் இங்கேயும். செறிவு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும். குப்பிக்குள் பாலி காமா குளூட்டமேட் என்ற பொருள் அடர்ந்திருப்பதால் தண்ணீர் உள்ளே ஏறுகிறது. ஏறி ஏறி, அழுத்தம் சுமார் 150 வளிமண்டலம் ஆகிவிடுகிறது. விசிலடிக்கும் சமையலறைக் குக்கருக்குள் இருப்பது சுமார் 2 வளிமண்டலம். 150 என்பது கடலில் ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்து அழுத்தம். இதைத் தாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அந்தக் குப்பி மூடியோடு காத்திருக்கிறது.

மூடி திறந்தால் குழல் வெளியே புரண்டு பாய்கிறது. பவளத்தின் உறவான ஹைட்ராவில் இதை ஜெர்மன் ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் பிடித்து 2006இல் வெளியிட்டார்கள். ஈட்டி போன்ற அந்த முள் பாய எடுத்த நேரம் 700 நானோ விநாடி. ஒரு விநாடியைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூட இல்லை. முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஐம்பது லட்சம் மடங்குக்கும் மேல். நஞ்சைவிட இந்த வேகம்தான் இரையின் கவசத்தைத் துளைக்கிறது.

ஒரு குப்பி ஒரே தடவைதான் வெடிக்கும். அப்புறம் புதிதாகச் செய்ய வேண்டும். ஆகவே மணல் துகள் பட்டதற்கெல்லாம் வெடித்தால் கட்டுப்படியாகாது. வாசனை, தொடுகை என்று இரண்டு சாவி வைத்த பூட்டு போன்ற ஏற்பாடு இருக்கிறது. இரையின் மேல்படலத்தில் உள்ள சில சர்க்கரைப் பொருள்கள் செல்லை உஷார்ப்படுத்தும், உஷாரான செல்லின் உணர்முடியைத் தொட்டால் குப்பி வெடிக்கும். மூளையைக் கேட்க வேண்டியதில்லை. பவளத்துக்கு மூளையும் இல்லை. கரையில் செத்து ஒதுங்கிய, இதே குப்பிகள் கொண்ட சொறிமீனை மிதித்தால்கூட அரிப்பது இதனால்தான்.

இப்போது கடல்குதிரையின் வாலை நினைத்துப் பாருங்கள். செதில் இல்லை. எலும்புத் தகடுகளின் மேல் மெல்லிய தோல், அதன்மேல் வழவழப்பான படலம். வாசனைச் சாவி, தொடுகைச் சாவி இரண்டையும் அதுவே கொண்டுவந்து கொடுக்கிறது. கொடுத்துவிட்டு இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. காயம் சின்னதுதான், ஆனால் அதன் வழியே விப்ரியோ வகைப் பாக்டீரியா நுழைந்தால் வால் அழுகத் தொடங்கும். தண்ணீர் சூடாக ஆக அந்தப் பாக்டீரியா வேகமாகப் பெருகும். பவளக்காரர்கள் 25, 26 டிகிரி வைத்தாலும், கடல்குதிரை வளர்ப்பவர்கள் 22, 23 டிகிரிக்கு இறக்குவது இதனால்தான்.

சரி, எல்லாப் பவளமும் இப்படியா? பாலிப்பின் கைகளை எண்ணிப் பாருங்கள். பாறை கட்டும் பவளங்களுக்கும் கடல் சாமந்திகளுக்கும் ஆறின் மடங்கில் கைகள். கடல் விசிறிகளுக்கும் தோல் பவளங்களுக்கும் எட்டுக் கைகள், இறகுபோல் ஓரம் பிரிந்தவை. எட்டுக் கைக் கூட்டத்தின் கொட்டு பொதுவாக வலுவற்றது. 1969இல் பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் ஜார்ஜ் பார்ஜிபான் என்பவர் நூமேயா மீன் காட்சியகத்துக்காகக் கடல் விசிறி சேகரித்தபோது, அதன் கிளையில் இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லாத கடல்குதிரைகள் தொற்றிக்கொண்டிருந்ததைக் கண்டார். விசிறியின் மொட்டுப் போன்ற பாலிப்புகளைப் போலவே உடம்பெல்லாம் புடைப்பு. அந்த இனத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஒருமுறை குடியேறிவிட்டால் அது அந்த விசிறியை விட்டு அகலாது. கடல்குதிரையும் பவளமும் சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

செவ்வாய் தோஷத்துக்கு என்று மோதிரத்தில் பதிக்கும் சிவப்புப் பவளமும் இந்த எட்டுக் கைக் குடும்பம்தான். மத்தியதரைக் கடலில் மிக மெதுவாக வளரும் உயிர் அது. ஒரு கிரகத்தின் கோபத்தைத் தணிக்க அதன் எலும்பை விரலில் போடவேண்டும் என்பதை என்னால் ஒருநாளும் ஏற்க முடியவில்லை. ஆஸ்துமாவுக்குக் கடல்குதிரையை உலர்த்தி விற்பதையும் அப்படித்தான்.

ஆகவே தம்பியின் தொட்டிக்கு: வெளிச்சத்தில் வளரும் கடல் விசிறி, தோல் பவளம் போதும். பண்ணையில் பிறந்த கோட்டுக் கடல்குதிரையாக (lined seahorse) பார்த்து வாங்குங்கள். இயற்கையில் அது உங்கள் நாட்டு நோவா ஸ்கோஷியா கடல் வரைக்கும் இருக்கிறது. வெப்பம் 23 டிகிரி. பம்ப் வேகத்தைக் குறைக்க வேண்டும். கடல்குதிரைக்கு இரைப்பை கிடையாது, தின்றது நேரே குடலுக்குப் போய்விடும். அதனால் தினமும் இரண்டு மூன்று வேளை, உறையவைத்த மைசிஸ், நம்மூர்க் கூனி மாதிரி இருக்கும், கொடுக்க வேண்டும். மிச்சத்தை உடனே உறிஞ்சி எடுக்காவிட்டால் நைட்ரேட் ஏறிப் பவளம் வாடும். வால் பிடிக்க நாலைந்து இடத்தில் பிளாஸ்டிக் செடியோ கயிறோ கட்டாயம்.

இந்தியாவில் இருப்பவர்கள் இதை முயலவே கூடாது. கடல்குதிரை, பாறை கட்டும் பவளம், கடல் விசிறி எல்லாமே 2001இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. சட்டம் சரிதான். ஆனால் காவல் மட்டும் போதாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிக் கடல்குதிரைகளைக் குஞ்சு பொரிக்கவைத்துக் கடலில் விடவும், செத்த பவளப் பாறைகளில் பவளம் நடவும் நிலையான பணம் ஒதுக்க வேண்டும். மூன்று வருடத் திட்டம் முடிந்ததும் கைவிட்டால் பவளம் எப்படி வளரும்?

வாசகிக்குக் கடைசியாக ஒன்று. தொட்டியில் இப்போது இருக்கும் பவளங்களைப் பகலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விளக்கணைத்து இரண்டு மணி நேரம் கழித்து, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொண்டு மகனோடு உட்கார்ந்து பாருங்கள். கேலக்ஸியா போன்ற சில பவளங்கள் பகலில் சாதுவாகத் தெரிந்தாலும், இருட்டியதும் ஒரு சாண் நீளத்துக்குக்கூடக் கொட்டும் கைகளை நீட்டித் துழாவும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால், அதை வேறு தொட்டிக்கு மாற்றிய பிறகே கடல்குதிரை வாங்குங்கள்.