அப்டேட் போட்டதும் கணினி ஏன் தடுமாறுகிறது?

“நேற்று வரை நன்றாகத்தான் ஓடியது, அப்டேட் போட்டதும் கெட்டுவிட்டது” என்று சொல்பவர்களை நான் சந்தேகிப்பதில்லை. அப்படி நடக்கத்தான் செய்கிறது.

2018 அக்டோபர் 2 அன்று விண்டோஸ் 10-இன் புதிய பதிப்பு வெளியானது. அதைப் போட்ட சிலருக்குப் பழைய கோப்புகளும் படங்களும் மொத்தமாகக் காணாமல் போயின. ‘டாக்குமென்ட்ஸ்’ போன்ற கோப்புறைகளைச் சி டிரைவிலிருந்து டி டிரைவு போன்ற வேறு இடத்துக்கு மாற்றியவர்கள் அவர்கள். அப்படி மாற்றும்போது பழைய கோப்புகளை நகர்த்தாமல் விட்டால், அவை சி டிரைவிலேயே கிடக்கும். இதற்கு முந்தைய பதிப்பில், காலிக் கோப்புறைகள் இரட்டையாகத் தெரிவதாகச் சிலர் புகார் செய்திருந்தார்கள். சரி, அவற்றை நீக்கிவிடலாம் என்று புதிய பதிப்பில் ஒரு நிரல் சேர்த்தார்கள். அதுவோ, உள்ளே கோப்புகள் இருந்த பழைய கோப்புறைகளையும் சேர்த்தே அழித்துவிட்டது. சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் விநியோகத்தை நிறுத்தி, திருத்தி, நவம்பர் 13 அன்று மறுபடி வெளியிட்டது. புகார் வந்தது பத்தாயிரத்தில் ஒருவரிடமிருந்துதான் என்றது அந்நிறுவனம். பிள்ளையின் படங்களை இழந்தவருக்கு அந்தக் கணக்கு எதற்கு?

வீட்டுக் கணினிகள் ஒன்றுபோல ஒன்று இருப்பதில்லை. ஒருவரிடம் பழைய பிரின்டர், இன்னொருவரிடம் புது கிராஃபிக்ஸ் கார்டு. இத்தனை சேர்க்கைகளையும் எந்தச் சோதனைக்கூடத்திலும் வைத்துப் பார்க்க முடியாது. அதிலும் இந்தக் கருவிகளை இயக்கும் நிரல்களான டிரைவர்கள் பல, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே ஓடுகின்றன. சாதாரணச் செயலி தடுமாறினால் அது மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர் தடுமாறினால் கணினியே நீலத்திரையோடு நின்றுவிடும். அதனால்தான் இப்போது பெரிய அப்டேட்டுகளை முதலில் சிலருக்கு மட்டும் அனுப்பி, பிரச்சினை இல்லை என்று தெரிந்த பிறகு மற்றவர்களுக்கு விடுகிறார்கள்.

அதற்காக அப்டேட்டையே நிறுத்திவிடலாமா? 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. மாட்டிக்கொண்டவை, அந்தத் திருத்தத்தைப் போடாத கணினிகள்.

விண்டோஸில் அப்டேட் முக்கியமாக இரண்டு வகையாக வருகிறது: மாதாந்திரப் பாதுகாப்புத் திருத்தம், ஆண்டுக்கு ஒரு முறை வரும் பெரிய பதிப்பு மாற்றம். முதலாவதை நான் தள்ளிப்போடுவதில்லை. இரண்டாவதுக்குச் சில வாரங்கள் காத்திருப்பேன். அதற்குள் மற்றவர்களின் புகார்கள் வெளியே வந்துவிடும். அப்புறம், பொத்தானை அழுத்துவதற்கு முன் குடும்பப் படங்களை வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வைத்துவிடுவேன்.