செப்டம்பர் கடைசியில் எந்தக் கடல் சூடாக இருக்கும்?

ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகரில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “செப்டம்பர் கடைசி வாரத்தில் ஐந்து நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. அம்மாவும் ஊரிலிருந்து வந்திருக்கிறார், அவருக்குக் குளிர் ஆகாது. இங்கே காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போக முடியவில்லை. ஆனால் சிசிலியில் அப்போதும் கடலில் குளிக்கிறார்களாமே, அது எப்படி? நாங்கள் எங்கே போகலாம்?”

‘எப்படி’ என்பதற்கு விடை தெரிந்துவிட்டால் ‘எங்கே’ என்பதை அவரே முடிவு செய்துகொள்ளலாம். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

செப்டம்பர் 22 அல்லது 23 சம இரவு நாள். அன்று ஐரோப்பா முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். நண்பகலில் சூரியன் நிற்கும் உயரத்தில்தான் வேறுபாடு: ஹெல்சிங்கியில் அடிவானத்திலிருந்து 30 டிகிரி, சிசிலியின் பலேர்மோவில் 52 டிகிரி. மார்ச் 20-ஐ ஒட்டி வரும் இன்னொரு சம இரவு நாளிலும் பலேர்மோவில் சூரியன் இதே 52 டிகிரியில்தான் நிற்கிறது. அதே உயரம், அதே பகல் நீளம். ஆனால் மார்ச்சில் அங்கே கடல்நீரின் வெப்பநிலை சுமார் 15 டிகிரி செல்சியஸ், செப்டம்பர் கடைசியிலோ சுமார் 24. ஒன்பது டிகிரி எங்கிருந்து வந்தது?

கோடையில் சேர்த்துவைத்ததிலிருந்து வந்தது. சூரியன் உச்சியில் நிற்பது நண்பகலில், வெயில் கொளுத்துவது பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு. ஆண்டுக் கணக்கிலும் இதே கதைதான். வெப்பத்தின் வரவு செலவைவிட அதிகமாக இருக்கும் வரை சூடு ஏறிக்கொண்டே போகும். ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4,200 ஜூல் வேண்டும், உலர்ந்த மணலுக்கு 800 ஜூல் போதும். இது பள்ளிப்பாடம். ஆனால் இந்தத் தன்வெப்பம் ஒன்றை மட்டும் வைத்துச் செப்டம்பர் கடலை விளக்கிவிட முடியாது. கடல் சூடாகும் விதம் வேறு, ஆறும் விதம் வேறு. இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதிகளில் இது ஒன்று.

மே, ஜூன் மாதங்களில் கடல் மேலிருந்து சூடாகிறது. சூடான நீர் அடர்த்தி குறைந்தது, அது மேலேயே மிதக்கும். காற்றும் அலையும் கலக்கிவிடும் ஆழம் வரைதான் வெப்பம் இறங்கும். மத்தியதரைக் கடலில் கோடையில் அந்த ஆழம் 10 முதல் 20 மீட்டர் அளவே. அதற்குக் கீழே வெப்பநிலை சட்டென்று சரிகிறது. நீந்தி முக்குளிப்பவர்களுக்கு அந்த எல்லை நன்றாகத் தெரியும். காலை நீட்டினால் பாதம் குளிர்கிறது, தோள் வெதுவெதுப்பாக இருக்கிறது.

செப்டம்பரில் கணக்குத் திரும்புகிறது. இரவில், நீர்ப்பரப்பின் மேல் தோல் மாதிரி இருக்கும் படலத்தைக் கவனியுங்கள். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. வெப்பத்தின் பெரும்பகுதி ஆவியாதல் வழியாக அந்தப் படலத்திலிருந்துதான் வெளியேறுகிறது. ஒரு கிலோ நீர் ஆவியாகும்போது சுமார் 25 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது, உப்பை விட்டுச் செல்கிறது. ஆகவே எஞ்சும் நீர் இரண்டு காரணங்களால் கனக்கிறது: குளிர்ந்திருக்கிறது, உப்பும் கூடியிருக்கிறது. கனத்த நீர் மேலே தங்காது. இழை இழையாகக் கீழே இறங்குகிறது. அது விட்ட இடத்துக்கு, காற்றும் அலையும் கலக்கிவைத்த அதே அடுக்குக்குள்ளிருந்து சற்றே சூடான நீர் ஏறுகிறது. அதுவும் குளிர்ந்து, கனத்து, இறங்குகிறது. விடியும் வரை இந்தச் சுழற்சி நிற்பதில்லை.

இதன் விளைவு என்ன? பரப்பு மட்டும் தனியாக ஆற முடியாது. மேலே ஒரு டிகிரி குறைய வேண்டுமானால் கலந்திருக்கும் அடுக்கு முழுவதும் ஒரு டிகிரி குறைந்தாக வேண்டும். அடுக்கின் ஆழம் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் பரப்புக்குக் கீழே 20 டன் நீர் இருக்கிறது. கடல் சதுர மீட்டருக்கு 100 வாட் வீதம் வெப்பத்தை இழந்தாலும் ஒரு டிகிரி இறங்க ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். நிலத்துக்கு இந்த வசதி கிடையாது. பகல் வெப்பம் மண்ணுக்குள் சில பத்து சென்டிமீட்டருக்கு மேல் போவதில்லை, மேகமில்லாத ஓர் இரவிலேயே அது வெளியேறிவிடும். ஃப்ராங்க்ஃபர்ட்டில் காலையில் ஸ்வெட்டர் தேடுவது இதனால்தான்.

இனி வரைபடத்தை விரியுங்கள். வெனிஸ், ரிமினி பக்கத்து வட ஏட்ரியாட்டிக் கடலின் சராசரி ஆழம் 35 மீட்டர் அளவே. சேமிக்கவே இடம் குறைவு, அதனால் அது சீக்கிரம் ஆறிவிடும். தென் ஏட்ரியாட்டிக்கோ ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழமானது. பிரான்ஸின் மார்செய் நகரில் மிஸ்ட்ரல் என்ற பலத்த வடக்குக் காற்று வீசினால் மேல்நீர் கடலுக்குள் தள்ளப்பட்டு அடிநீர் மேலே வரும், இரண்டொரு நாளில் பல டிகிரி சரிந்துவிடும். போர்ச்சுகல் கடற்கரை அழகுதான். ஆனால் அங்கே கோடை முழுவதும் வடகாற்று இதே வேலையைச் செய்வதால் போர்த்தோவுக்கு அருகே நீர் ஆகஸ்டிலும் சில்லென்றிருக்கும். அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கே போக வேண்டாம்.

ஆபத்து ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சேமித்த வெப்பம் சாந்தமாக மட்டுமே வெளியேறுவதில்லை. சூடான கடலின் மேல், உயரத்தில் குளிர்காற்று வந்து தங்கினால் கடலின் ஈரம் மொத்தமாக மேலெழுந்து மழையாகக் கொட்டும். 2023 செப்டம்பர் 5 அன்று டேனியல் புயலின்போது கிரேக்கத்தின் ஸகோராவில் ஒரே நாளில் 750 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. சில நாட்களில் அதே புயல் லிபியாவின் டெர்னா நகரில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. அதனால் கிளம்புவதற்கு முன் வானிலை முன்னறிவிப்பைக் கட்டாயம் பாருங்கள். ஜெர்மனியில் இன்றும் ‘நூறாண்டு நாட்காட்டி’ பார்த்து மழை சொல்பவர்கள் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் மவுரீட்சியுஸ் க்னாவர் என்ற மடாலயத் தலைவர் ஏழாண்டுகள் வானிலையைக் குறித்துவைத்தார், அந்தக் குறிப்புகளே அதற்கு மூலம். ஆண்டுக்கு ஒரு கோள் ஆட்சி செய்வதால் வானிலை ஏழாண்டுக்கு ஒருமுறை திரும்பும் என்று நம்பினார். அவருடைய உழைப்பை மதிக்கிறேன். ஆனால் கோள்களுக்கும் மழைக்கும் தொடர்பில்லை. நம் பஞ்சாங்க மழைக் குறிப்புக்கும் இதுவே என் பதில். அதை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்.

நம்ப வேண்டியது அளவீட்டை. ஸ்பெயினின் கட்டலோனியக் கடற்கரையில் லெஸ்டார்டிட் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே ஜுசெப் பஸ்குவால் என்பவர் 1970-களிலிருந்து பல பத்தாண்டுகள் படகில் கடலுக்குள் போய், 80 மீட்டர் ஆழம் வரை நீரின் வெப்பநிலையைத் தன்னார்வமாக அளந்துவந்தார். மத்தியதரைக் கடலின் மேலடுக்கு எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று இன்று ஆய்வாளர்கள் சொல்ல முடிவதற்கு இத்தகைய தொடர் பதிவுகளே ஆதாரம். புதிய கருவியைத் தொடங்கிவைக்கப் பணம் ஒதுக்கும் அரசுகள், அதை ஐம்பது ஆண்டுகள் இயக்கப் பணம் தர மறுப்பது எனக்கு ஆத்திரமூட்டுகிறது. இடைவெளி விழுந்த பதிவை எந்தக் கணினியாலும் முழுமையாக மீட்டுத்தர முடியாது.

வாசகிக்கு என் சிபாரிசு மேற்குச் சிசிலி. ட்ரபானியில் தங்குங்கள். அங்கிருந்து விரைவுப் படகில் ஃபவிஞானா தீவுக்குப் போய்வரலாம், சுமார் அரை மணி நேரம் ஆகும். சுற்றிலும் கடல் என்பதால் அங்கே இரவிலும் குளிர் தாக்காது. தீவு சிறியது, ஒரு குன்றைத் தவிர மற்றதெல்லாம் சமதரை, வாடகை சைக்கிளிலேயே சுற்றிவிடலாம். வடமேற்குக் காற்று வீசினால் தெற்குக் கரையிலுள்ள லீதோ புர்ரோனே மணற்கரைக்குப் போங்கள், அங்கே ஆழம் குறைவு, அம்மாவும் இறங்கலாம். தெற்கிலிருந்து காற்று வந்தால் பழைய கல்குவாரிகளை ஒட்டிய காலா ரோஸாவுக்குப் போங்கள். அங்கே பாறை வழியாக இறங்க வேண்டும், நல்ல செருப்பு தேவை.