வள்ளத்தை மேலே ஏற்றுவது எஞ்சினா, டயரா?

குமரி மாவட்டத் தேங்காய்ப்பட்டணத்தில் கடல் சீறும் மாதங்களில் ஃபைபர் வள்ளத்தை டிரெய்லரில் ஏற்றி கேரளத்தின் விழிஞ்ஞம் பக்கம் கொண்டுபோக வண்டி தேடுபவர்கள், எடுத்ததுமே குதிரைசக்தியைத்தான் விசாரிப்பார்கள். சமதளத்தில் ஒன்றரை டன்னை உருட்டிச் செல்ல அவ்வளவு சக்தி வேண்டாம். எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 முதல் 2,000 சுற்றுக்குள்ளேயே நல்ல முறுக்குவிசை (சக்கரத்தைத் திருப்பும் விசை) தரும் டீசல் பிக்கப் போதும். சோதனை, வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கி ஏற்றும் சரிவான சாய்தளத்தில்தான் வரும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிக்கப் 1,800 கிலோ, வள்ளமும் டிரெய்லரும் சேர்ந்து 1,500 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு அடிக்கு ஓர் அடி உயரும் சரிவில் இந்த 3,300 கிலோவை ஏற்ற, சுமார் 410 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். வண்டியை இழுக்கும் பின்சக்கரங்கள் மேல் 900 கிலோ அழுத்துகிறது என்றால், காய்ந்த கான்கிரீட்டில் உராய்வு எண் (அழுத்தும் எடையில் எத்தனை பங்கு பிடிப்பாகும் என்பது) 0.7, பிடிப்பு 630 கிலோ கிடைக்கும். தாராளம். அதே தளத்தில் பாசி படர்ந்து எண் 0.3 ஆகிவிட்டால் 270தான். எஞ்சின் எவ்வளவு பெரிதானாலும் டயர் நின்ற இடத்திலேயே சுற்றும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் மொத்த எடையும் பிடிப்புக்கு உதவுவதால் 500 கிலோவைத் தாண்டிவிடும். அடிக்கடி சாய்தளத்தில் இறக்கி ஏற்றுபவர், காசு கொஞ்சம் கூடினாலும் இதைத்தான் வாங்க வேண்டும் என்பேன். முன்சக்கர இழுவை வண்டி இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. ஏற்றத்தில் பாரம் பின்னால் சாய, முன்சக்கரம் பிடிப்பை இழக்கும்.

அப்புறம், டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் கொக்கி. டிரெய்லர் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அமர வேண்டும். இங்கே 150 கிலோ. அது குறைந்தால், வேகம் கூடக்கூட டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஒருகட்டத்தில் வண்டியையே திருப்பிவிடும். வள்ளத்தின் கடைசியில் தொங்கும் 40 கிலோ எஞ்சின், டிரெய்லர் அச்சுக்கு 3 மீட்டர் பின்னாலும் கொக்கி 4 மீட்டர் முன்னாலும் இருந்தால், கொக்கியிலிருந்து 30 கிலோவைத் தூக்கிவிடும். அதைக் கழற்றி பிக்கப்பில் வையுங்கள். ஆட்டமும் குறையும், பின்சக்கரப் பிடிப்பும் கூடும்.

பிரேக்கை மறக்கவே கூடாது. மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 60க்குப் போனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் 2.25 மடங்கு. டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால் அத்தனை சூடும் பிக்கப்பின் பிரேக்கில்தான் இறங்கும். ஆகவே கடையில் பாரம் ஏற்றும் அளவை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து எவ்வளவு எடை வரை போகலாம், பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள்.