அரிசிப்பாலும் கைக்கடிகாரமும்

இங்கே பர்மாவில், மோல்மினிலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார். "அண்ணே, மெக்சிகோக்காரர்கள் வெயிலுக்குக் குடிக்கிற ஓர்ச்சாதாவை வீடியோ பார்த்துச் செய்தேன். ஊறவைத்த பச்சரிசி, பட்டை, கண்டென்ஸ்டு மில்க், எல்லாம் சொன்னபடிதான் போட்டேன். கலக்கி வைத்து அஞ்சு நிமிஷம்தான், மேலே வெறும் தண்ணி, அடியில் சுண்ணாம்பு மாதிரி படிந்துவிட்டது. வாயில் வைத்தால் நறநற என்கிறது. வீடியோவில் பால் மாதிரி நிற்கிறதே, அவர்கள் அரிசி வேறயா?"

அரிசி வேறு இல்லை தங்கச்சி. ஆனால் அந்த "அஞ்சு நிமிஷம்" என்று எழுதினீர்களே, அதற்கு ஒரு கும்பிடு. உங்கள் அரிசித் துகள் எத்தனை பெரிது என்பதை அந்த ஒரு தகவலை வைத்தே சொல்லிவிடலாம். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் பானத்தைப் பற்றிக் கொஞ்சம். ஓர்ச்சாதா என்ற பெயருக்கு மூலம் வாற்கோதுமையைக் குறிக்கும் லத்தீன் சொல். ஸ்பெயினில் வலென்சியா பக்கம் ஒரு வகைக் கோரைக்கிழங்கை அரைத்துப் பிழிந்து இதைச் செய்கிறார்கள். கடல் தாண்டி மெக்சிகோ போன பிறகு கிழங்கின் இடத்துக்கு அரிசி வந்துவிட்டது, கூடவே பட்டையும். அவர்கள் விரும்பிப் போடுவது இலங்கைப் பட்டை, அதாவது விரலால் நொறுக்கினால் உதிர்கிற மெல்லிய சுருள். கடையில் பெரிய கண்ணாடி ஜாடியில் வைத்து, அகப்பையை அடிவரை விட்டுக் கலக்கிக் கலக்கி ஊற்றித் தருவார்கள். ஆக, அங்கேயும் அது படியத்தான் செய்கிறது. ஆனால் மெதுவாகப் படிகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

நம் வீட்டில் அரிசி கழுவிய தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். முதல் தண்ணி பால் மாதிரி இருக்கும். அதைப் பாத்திரத்தில் விட்டு வைத்தால் காலையில் மேலே தெளிந்து, அடியில் வெள்ளையாக ஒரு படலம் உட்கார்ந்திருக்கும். நிறைய இருந்தால் அதில் கரண்டியைக் குத்திப் பாருங்கள். மெதுவாக விட்டால் உள்ளே போகும், வேகமாகக் குத்தினால் கல் மாதிரி எதிர்க்கும். அதுதான் மாவுச்சத்துத் துகள். அரிசியின் மாவுச்சத்து தானியங்களிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று, ஒரு துகள் சுமார் 3 முதல் 8 மைக்ரான் வரைதான் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமனே 70 மைக்ரான் பக்கம் வரும். உருளைக்கிழங்கு மாவுத் துகள் 100 மைக்ரான்வரைகூடப் போகும். பசும்பாலில் மிதக்கும் கொழுப்புத் துளியோ சராசரியாக 4 மைக்ரான் பக்கம். அரிசித் துகளும் பால் கொழுப்பும் கிட்டத்தட்ட ஒரே அளவு, கவனித்தீர்களா? நாக்கு ஏமாறுவது இதனால்தான். சுமார் 25, 30 மைக்ரானுக்குக் கீழே போனால் நாக்கால் துகளைத் தனித்தனியாக உணர முடியாது, மொத்தமாக "வழுவழு" என்றுதான் மூளைக்குச் செய்தி போகும். உணவுக் கம்பெனிகள் கொழுப்பைக் குறைத்துவிட்டு அரிசி மாவுச்சத்தைச் சேர்ப்பதும் இந்தக் காரணத்துக்காகத்தான்.

வெள்ளை நிறத்துக்கும் இதே துகள்தான் காரணம். ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரிய துகள்கள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகச் சிதறடிக்கும், அதனால் வெள்ளை. அதே மாவுத் தண்ணீரை அடுப்பில் வைத்துக் கிண்டுங்கள், 70 டிகிரியைத் தாண்டும்போது துகள்கள் தண்ணீரைக் குடித்து ஊதி உடைந்து, பால் நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஒரு கஞ்சியாகிவிடும். சிதறடிக்கத் துகளே இல்லை. ஓர்ச்சாதாவை வேகவைக்காமல் பச்சையாகச் செய்வது ஏன் என்பதற்கு இதுவே பாதி பதில்.

சரி, இப்போது அந்த அஞ்சு நிமிஷத்துக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1851-இல் ஸ்டோக்ஸ் என்ற அயர்லாந்துக்காரர் ஒரு கணக்குப் போட்டார். திரவத்தில் ஒரு சின்ன உருண்டை மூழ்கும்போது எடை கீழே இழுக்கிறது, திரவத்தின் பிசுக்கு மேலே தடுக்கிறது. இரண்டும் சமமானதும் உருண்டை ஒரே வேகத்தில் இறங்கும். அந்த வேகம் உருண்டையின் விட்டத்தைப் பொறுத்தது, அதுவும் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் இரண்டு மடங்கானால் வேகம் நான்கு மடங்கு, பத்து மடங்கானால் நூறு மடங்கு. பள்ளியில் இதைப் படித்துவிட்டு மதிப்பெண் வாங்கி மறந்துவிடுகிறோம். ஒரு டம்ளரில் வைத்துப் பார்த்தால்தான் அதன் குறும்பு தெரியும்.

மாவுச்சத்து தண்ணீரைப்போல் ஒன்றரை மடங்கு கனம். 10 சென்டிமீட்டர் உயர டம்ளர், 30 டிகிரித் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 5 மைக்ரான் துகள் மேலிருந்து அடிவரை இறங்க 3 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 50 மைக்ரான் துகளுக்கு? இரண்டே நிமிடம்! ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே டம்ளர். ஒன்று மத்தியானத் தூக்கம் முடியும்வரை பாலாகவே நிற்கிறது, இன்னொன்று நீங்கள் ஐஸ் எடுத்துவந்து திரும்புவதற்குள் படுத்துவிடுகிறது.

இதைத் திருப்பிப் போடுங்கள். அஞ்சு நிமிடத்தில் 10 சென்டிமீட்டர் இறங்கிய துகளின் விட்டம் என்ன? கணக்கு 31 மைக்ரான் என்கிறது. நாக்குக்கு நறநறப்புத் தெரிய ஆரம்பிக்கிற எல்லையும் அதுதான்! தங்கச்சி எழுதிய இரண்டு புகாரும், சீக்கிரம் படிகிறது, நறநறக்கிறது என்ற இரண்டும், ஒரே எண்ணிலிருந்து வந்தவை. நுண்ணோக்கி வேண்டாம், கைக்கடிகாரம் போதும். (துகள்கள் கூட்டமாக இருந்தால் ஒன்றையொன்று தடுத்துக்கொண்டு கொஞ்சம் மெதுவாகத்தான் இறங்கும், அவை உருண்டையும் இல்லை, ஆகவே தோராயம்தான். ஆனால் ஆற்றுப்படுகை மண்ணின் துகள் அளவை ஆய்வுக்கூடத்தில் அளக்கும்போதும் இதே தத்துவத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்.)

அரிசித் துகள் 8 மைக்ரானுக்கு மேல் இல்லை என்று சொன்னேனே, அப்புறம் 31 எங்கிருந்து வந்தது? அரிசிக்குள் அந்தத் துகள்கள் தனித்தனியாக இருப்பதில்லை. பல துகள்கள் மாதுளை முத்து மாதிரி நெருக்கிப் பொருந்தி ஒரு கொத்தாக இருக்கும், கொத்துகளுக்கு இடையே புரதம் பசை போல இருக்கும். உங்கள் டம்ளரில் விழுந்தவை முத்துகள் அல்ல, உடையாத கொத்துகள். ஆக வேலை ஒன்றே ஒன்று, கொத்தை உடைக்க வேண்டும், முத்தை நசுக்கக்கூடாது.

ஊறவைப்பது அதற்காகத்தான். அரிசி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை இழுத்துக்கொண்டு உள்ளேயே விரிசல் விடும், பிறகு அரைத்தால் கொத்து இலகுவாகப் பிரியும். காய்ந்த அரிசியை அரைத்தால் முத்துகளும் சேர்ந்து உடைந்து சேதமாகும். இடியாப்பத்துக்கு அரிசியை ஊறவைத்து ஈரமாவாக இடித்த பாட்டிகள் மைக்ரான் கணக்குத் தெரியாமலே இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

அடுத்தது, தண்ணீரைக் குறையுங்கள். மிக்ஸியில் எல்லாத் தண்ணீரையும் மொத்தமாக ஊற்றி ஓடவிட்டால் துகள்கள் பிளேடுக்குச் சிக்காமல் நீந்திக்கொண்டு திரியும். வீடியோக்களில் பெரும்பாலும் இந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள், அவர்களுடைய மிக்ஸிக்குப் பலம் இருப்பதால் தப்பித்துவிடுகிறார்கள். இங்கே பர்மியப் பெண்கள் முகத்தில் பூச தனாக்கா மரப்பட்டையை அரைப்பதைப் பாருங்கள். வட்டக் கல்லின் மேல் நாலே நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து, கட்டையை வட்டமாகத் தேய்த்துத் தேய்த்து, கன்னத்தில் பூசினால் துகளே தெரியாத விழுதாக்குகிறார்கள். ஒரு குடம் தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் அது வருமா? அரிசியையும் அப்படித்தான், தோசை மாவைவிடக் கெட்டியாக வைத்து மையாக அரைத்துவிட்டு, பிறகு தண்ணீர் சேர்த்து, நாலாக மடித்த மல் துணியில் வடிகட்டுங்கள். ஒரு கப் அரிசிக்கு மொத்தம் ஒரு லிட்டர் தண்ணீர் சரியாக இருக்கும். பட்டையை அரிசியோடு ஊறவைத்து அரைத்தால் மணம் நன்றாக ஏறும்.

அப்புறம் குளிர்ச்சி. தண்ணீர் 30 டிகிரியில் இருப்பதைவிட 5 டிகிரியில் ஏறக்குறைய இரண்டு மடங்கு பிசுக்காக இருக்கும். ஆகவே ஃப்ரிட்ஜில் வைத்த பானம் இரண்டு மடங்கு நேரம் பாலாக நிற்கும். ரங்கூனில் கரண்டு எப்போது வரும் எப்போது போகும் என்பது ஸ்டோக்ஸுக்கும் தெரியாது என்பதால் இதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

அதனால் பர்மாவுக்கென்று ஒரு வழி சொல்கிறேன். ஒரு மேசைக்கரண்டி கவுக்ஞின், அதாவது ஒட்டரிசி மாவை, ஒரு டம்ளர் தண்ணீரில் காய்ச்சி ஆறவிட்டு அரிசிப்பாலில் கலந்துவிடுங்கள். பிசுக்கு ஏறும், துகள் இறங்க முடியாமல் தொங்கிக்கொண்டே இருக்கும். சாதாரணப் பச்சரிசிக் கஞ்சி ஏன் கூடாது? அதில் அமைலோஸ் என்ற நேரான சங்கிலி நிறைய இருக்கும், குளிர்ந்ததும் அந்தச் சங்கிலிகள் ஒன்றோடொன்று அடுக்கிக்கொண்டு இறுகி, தண்ணீரைத் துப்பிவிடும். ஃப்ரிட்ஜில் வைத்த சோறு கல்லாவது அதனால்தான். ஒட்டரிசியில் அமைலோஸ் அனேகமாகக் கிடையாது, கிளைகிளையாகப் பிரிந்த அமைலோபெக்டின்தான். கிளைகள் எளிதில் அடுக்கிக்கொள்ள முடியாது, அதனால் குளிரிலும் சீக்கிரம் இறுகாது. சந்தேகம் இருந்தால் தெருமுனையில் ஒரு கிண்ணம் ஷ்வே யின் ஏ வாங்குங்கள். ஐஸ் போட்ட தேங்காய்ப்பாலில் ஜவ்வரிசி, ரொட்டித் துண்டு எல்லாவற்றோடும் ஒட்டரிசிச் சோறு மிதக்கும், கிண்ணம் காலியாகும்வரை மெத்தென்றே இருக்கும். செட்டிநாட்டு விருந்தில் வருகிற கவுனி அரிசியும் இங்கிருந்து போனதுதான். கவுக்ஞின், கவுனி, என் காதுக்கு இரண்டும் ஒரே சொல்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு உலகத்திலேயே அதிகம் அரிசி ஏற்றுமதி செய்த நாடு இது, 2011-இல் இங்கே விளையும் போசான் அரிசிக்கு உலகின் சிறந்த அரிசி என்ற பட்டமும் கிடைத்தது. ஆனால் அரிசி ஆராய்ச்சிக்குப் பணம் வந்தால் முதல் பந்தி எப்போதும் விளைச்சலுக்குத்தான். வாயில் எப்படி இருக்கிறது என்று ஆராய்கிறவர்களுக்குக் கடைசிப் பந்தி ரசம். பசி இருக்கிற உலகத்தில் அது நியாயம்தான், ஆனாலும் வயிறு எரிகிறது.

"அரிசித் தண்ணி உடம்புச் சூட்டை இழுத்துவிடும்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுக் குடியுங்கள். 5 டிகிரியில் ஒரு கால் லிட்டர் பானம் உடம்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் வெப்பம் சுமார் 8 கிலோ கலோரி. 14 மில்லி வியர்வை காய்ந்தாலே அதே அளவு வெப்பம் போய்விடும். உண்மையில் குளிரவைப்பது வியர்வை, பானம் அதற்குத் தண்ணீர் கொடுக்கிறது. அதனால் ஒரு சிட்டிகை உப்பு போடலாம், கண்டென்ஸ்டு மில்க்கைக் குறைக்கலாம். ஒன்றில் மட்டும் விளையாட வேண்டாம். பச்சை அரிசியில் பேசில்லஸ் செரியஸ் கிருமியின் வித்துகள் இருக்கும், இந்த வெயிலில் இரவு முழுக்க வெளியில் ஊறவைத்தால் பெருகிவிடும். நாலு மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஊறட்டும், செய்த அன்றே குடித்து முடியுங்கள். துணியில் மிஞ்சிய குருணையை மறுநாள் அடை மாவில் சேர்க்கலாம், அதுவரை அதுவும் ஃப்ரிட்ஜில்தான்.

இதையெல்லாம் தங்கைக்கு முதலிலேயே எழுதி அனுப்பியிருந்தேன். நேற்றுப் பதில் வந்தது. பாதி அரைக்கும்போது கரண்டு போய்விட்டதாம், வந்த பிறகு தண்ணீரைக் குறைத்து இன்னொரு தடவை ஓட்டினாராம். ஒட்டரிசி வீட்டில் இல்லை, ஃப்ரிட்ஜும் குளிரவில்லை, வெறும் அரிசிப்பாலைத்தான் டம்ளரில் ஊற்றிக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 40 நிமிடம் நின்றதாம். எனக்கு 11 மைக்ரான் என்று வருகிறது.